பதினான்காம் பாகம்

மழையில் அவன் அழ வேண்டுமாம்,
தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.
விடிகாலை நான்கு. மாபோவில் என் அறை.
கிண்ணத்து நூடுல்ஸ் ஊறிப் பருத்துவிட்டது.

முதல் பாகத்தில் தேமுன்
வட்டிக்குப் பதில்
மீன்காரி ஒக்பூனின் தராசைப்
பிடுங்கிப் போனான்.
அன்று அவன் சிரித்த சிரிப்புக்கு
சோலே மயங்கிக் கிடந்தது.
எழுதிய நானும்தான்.

இப்போது திரும்பக் கொண்டுவருகிறான்,
துருவைத் தேய்த்து,
செய்தித்தாளில் சுற்றி.

ஒக்பூன் நிமிரவில்லை.
"புதுசு வாங்கிட்டேன்.
உனக்கு என்ன வேணும்?"

"ஒரு கணவாய்."

நிறுத்தாள்.
முள் அசைவது ஓயும்வரை
இருவரும் காத்திருந்தார்கள்.
காசை எண்ணி வாங்கினாள்,
ஒரு வோன் குறைக்காமல்,
ஒரு வோன் கூட்டாமல்.

மழையை அடித்துவிட்டேன்.
பழைய தராசு இன்னும் அவன் கையில்.
அதை எங்கே இறக்கிவைப்பான் என்று
எனக்கும் தெரியவில்லை.