ஏழாம் பாகத்தில் பஸ் விழுகிறது

இரண்டாம் பாகத்தில் கப்பலையே தூக்கினான்.
நங்கூரத்தோடு, மாலுமிகளோடு,
ஒரு சொட்டு டீ சிந்தாமல்.
ஏழாம் பாகத்தில்
பாலத்து விளிம்பில் ஒரு பஸ்.
கையை நீட்டினான் காந்தவேள்.
பஸ் விழுந்துவிட்டது.

வேணுமென்றேதான் விட்டான் என்கிறார் ஜெகபர்.
கூத்தாநல்லூர் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர்,
எதையும் திருகு கழற்றித்தான் பார்ப்பார்.
மூணாவது சீட்டில் இருந்தவன்
நாலாம் பாகத்தில் இவன் தங்கையைக் கோர்ட்டுக்கு இழுத்தவன்,
கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது,
விரல் ஒரு கணம் மடங்கியது,
இந்தா பார், இந்தா பார் என்று
என் போனை வாங்கித் தேய்க்கிறார்.

கதை எழுதினவனுக்குக் கப்பல் மறந்துபோச்சு,
அவ்வளவுதான் என்கிறாள் அமுதராணி.
கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறவள்.
பதினேழைத் தாண்டினால் மூட்டை திரும்பும்.
ஏன் நனைந்தது என்று கேட்கிற வழக்கமில்லை.

ரெகுலேட்டர் கட்டைச்சுவரில் மூன்று பேர்.
கீழே ஓடுகிற வாய்க்காலுக்கு
இலாகா வரைபடத்தில் எண் மட்டும்தான்.
நான் வாய் திறக்கவில்லை.

பதினாறு வருஷமாய் இந்த ஐந்து ஷட்டரும் என் கை.
சக்கரத்தைத் தொட்டாலே
எத்தனை பல் ஏறியிருக்கிறது என்று சொல்வேன்.
போன ஐப்பசி அடைமழையில், ராத்திரி இரண்டரைக்கு,
நாலாவது ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன்,
தூக்குவதாய் நினைத்து.
டார்ச் வாயில். மழை கண்ணில்.
சக்கரம் இறுகி நின்றபோதுதான் புரிந்தது.
அதற்குள் மேலே கரை வாய் பிளந்து
அறுபது மா சம்பா, நட்டு இருபதே நாள் பயிர்.

கீழே செங்கல் சூளைக்காரரிடம்
எண்பதாயிரம் வாங்கிவிட்டேன் என்றார்கள்.
டீக்கடைக்குப் போய் அது ஒன்றேகால் லட்சமாகித் திரும்பியது.
மாமனார் பத்திரத்தை மீட்டது,
மூத்தவளுக்குத் தோடு எடுத்தது,
சூளைக்காரர் வீட்டுக் காதுகுத்தில் முன்பந்தியில் உட்கார்ந்தது,
எல்லாம் முன்கதையாய் வந்து பொருந்தின.
அப்படி ஒரு பொருத்தம்.
இரண்டு நாள் நானே கொஞ்சம் நம்பினேன்.

விசாரணையில் ஏ.இ. கேட்டார்:
உள்நோக்கம் ஏதும் உண்டா?
உண்டு சார் என்று சொல்ல நாக்கு எழுந்தது.
கெட்டவன் என்றாலும்
கைகாரன் என்று ஒரு பேர் மிஞ்சும்.
இல்லை சார், மாற்றிச் சுற்றிவிட்டேன் என்றேன்.
எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
பதினாறு வருஷம் என்கிறாய்?
ஆமாம் சார்.
கவனக்குறைவு என்று எழுதினார்.
ஒரு இன்கிரிமென்ட் போயிற்று.
அந்த வார்த்தைதான் இன்னும் தொண்டையில்.

ஜெகபர் பத்தாவது தடவையாக ஓட்டுகிறார்.
முகமூடியில் வாய் இருக்குமிடம் மொழுமொழுவென்று தகடு,
அதற்குள் அவன் என்ன முணுமுணுத்தானோ.
விரல் மடங்குகிறது. பஸ் விழுகிறது.
விரல் மடங்குகிறது.

கப்பலுக்கு நீட்டினது இடக்கை, என்றேன்.
இது வலக்கை.

ஜெகபர் சிரித்துவிட்டார்.
பறக்கிறவனுக்கு ஏதுங்க கைக்குழப்பம்,
அவ்வளவு பெரிய ஆள் தெரியாமலா செய்வான்?

அமுதராணி சிரிக்கவில்லை.
அறுபது மாவில் ஆறு மா அவள் அண்ணனுடையது.
நாலாவது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்பு,
பக்கத்தில் 'தூக்க' என்று என் கையெழுத்து,
காய்வதற்குள் மழை வந்ததால்
கால் மட்டும் கொஞ்சம் வழிந்திருக்கும்.

அடுத்ததைப் போடுங்க என்றாள்.
சார்ஜ் நாலு சதவீதம் இருந்தது.