எத்தனாவது அடியில்

முப்பது நாள், நாளுக்கொன்று.
பந்தயம் என்னோடு நானே கட்டியது.
அளவு போஸ்ட்கார்டு.
விதி ஒன்றே ஒன்று: எது மாதிரியும் இருக்கக் கூடாது.
மலையென்றோ மயிலென்றோ யாராவது
பேர் சொல்லிவிட்டால் அன்றைக்குத் தோல்வி.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்
போர்வெல் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்.
பில்புக்கில் வெள்ளை பார்ட்டிக்கு,
மஞ்சள் ஆடிட்டருக்கு,
ரோஸ் யாருக்கும் இல்லை.
ஏழு வருஷத்து ரோஸ் காகிதம்
கார்பன் மங்கி அட்டைப்பெட்டியில் கிடந்தது.
அதைத்தான் கிழித்தேன்.

கத்தரியில் வெட்டினால் பில்லாகவே இருக்கிறது.
கையால் கிழித்தால் ஓரத்தில் நார் எழும்புகிறது,
நாரில்தான் வண்ணம் முதலில் ஏறுகிறது.
இது தெரிய ஆறு நாளாயிற்று.
முந்தைய ஐந்தும் வடை மடித்த காகிதம்.

ஒன்பதாம் நாள் மைதாப் பசை.
விடிந்து பார்த்தால் ஒரு மூலையைக் காணோம்.
கரப்பான் தின்ற விளிம்பு
நான் கிழித்ததைவிட நன்றாயிருந்தது.
அப்படியே விட்டேன்.

பதினொன்று. நல்லதண்ணி வந்து எட்டு நாள்.
சப்பத்தண்ணியில் கலக்கினேன்.
காய்ந்ததும் நீலத்தின் மேல்
உப்பு தன் படத்தைத் தானே போட்டிருந்தது.

பன்னிரண்டு, பதிமூன்று: இல்லை.

சத்தீஸ்கரிலிருந்து வண்டி திரும்பியபோது
செங்கோட்டுவேல் மூன்று பாலித்தீன் பை கொடுத்தான்.
நூத்தியெண்பதில் சாம்பல்,
நானூறில் அரிசிமாவு,
அறுநூறில் ஆட்டு ஈரல் நிறம்.
"கல்லுமாவு என்னத்துக்குக்கா, பல்லு வெளக்கவா?"
வேலம்பிசின் ஊறவைத்துக் குழைத்தேன்.
பதினான்காம் நாள் அதில்தான் போட்டது.
"கோழியாட்டம் இருக்குது" என்றாள் மோகனப்பிரியா.
தோல்வி.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம்
மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து பாவாயி வந்தாள்.
என் வயசுதான் இருக்கும்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"பில்லு தொலைஞ்சிருச்சுங்க. காப்பி ஒண்ணு வேணும்,
பேங்குல கேக்கறாங்க."
எண்ணூத்தி நாப்பது அடி, வெறும் புகை.
எனக்கு அந்த பில் நன்றாக ஞாபகமிருந்தது.
மஞ்சள் ஈரோட்டில் ஆடிட்டரிடம்.
ரோஸ் என் டிராயரில்,
பதினேழாம் நாளுக்குள், ஏழு பூச்சுக்கு அடியில்.

எடுத்துக் காட்டினேன். வேறென்ன செய்ய?
'கேசிங்' பாதி தெரிந்தது, அவள் இனிஷியல் தெரிந்தது.
திட்டுவாள் என்றிருந்தேன்.
ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள்.
படுக்கையாகப் போட்ட படத்தை
நட்டமாக நிறுத்தினாள்.
மேலிருந்து நகத்தால் இறங்கினாள்,
செம்மண், சொத்தைப்பாறை, சாம்பல், வெள்ளை
என்று வாய்க்குள்ளேயே.
கீழே ஓரிடத்தில் நகம் நின்றது.
பொட்டளவு நீலம்.

"இது எத்தனாவது அடியிலீங்க?"

"அது தவறி விழுந்த சொட்டுங்க."

"செரி. எத்தனாவது அடியில விழுந்துச்சு?"

நான் புது பில் எழுதினேன்.
தேதி, ஆழம், அடிக்கு என்ன ரேட்,
அவள் ஏற்கெனவே கட்டிய காசு.
வாங்கி நாலாய் மடித்துக்கொண்டு போனாள்.
மொபெட் இரண்டு உதைக்குப் பிறகு கிளம்பியது.

சாயங்காலம் ஸ்கேலை எடுத்தேன்.
போஸ்ட்கார்டு பதினாலு சென்டிமீட்டர்,
அப்படியென்றால் சென்டிமீட்டருக்கு அறுபது அடி.
சொட்டு பத்து புள்ளி மூன்றில்.
அறுநூற்றுப் பதினெட்டு.
டிரில்லர் நோட்டைத் தேடிப் பிரித்தேன்.
அறுநூறிலிருந்து அறுநூற்று நாற்பது வரை
ஒரே வரி: 'கல்லு. மாத்தமில்ல.'

எது மாதிரி என்று அவள் சொல்லவில்லை.
ஆழம் கேட்டாள்.
ஜெயித்தேனா தோற்றேனா என்று எழுதும் கட்டத்தில்
பதினேழுக்கு நேராக இருந்ததை அழித்துவிட்டேன்.
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

மணி பத்தரை. பத்தொன்பது இன்னும் பாக்கி.
தாளை நனைத்து, சுவரில் சாய்த்து,
நட்டமாக வைத்திருக்கிறேன்.
தண்ணி தானாக இறங்குகிறது.