எனக்கு மேலே நாலு பேர்

வெட்டுப்புள்ளிக்கும் எனக்கும் நடுவில்
பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் மூன்று ஏழு.
அந்த இடுக்கில் நாலு பேர் நிற்கிறார்கள்.
பெயர்களை வெளியிடமாட்டார்கள்.
மல்லாவியில் மாவட்ட நிலை தெரியாத
ஆட்களும் இருக்கிறார்களா என்ன.

பாண்டியன்குளத்துச் சாந்தரூபன்
மருத்துவம்தான் வேணுமென்று மறுபடி எடுக்கிறானாம்.
எடுக்கட்டும். வெல்லட்டும்.
இந்த வாழ்த்து யாருக்கென்று எனக்குத் தெரியும்.
ஒட்டுசுட்டான் கேமப்பிரியாவுக்குக்
கல்வியியற் கல்லூரிக் கடிதம் வந்துவிட்டதாகக் கேள்வி.
மூன்றாவது ஆள் முள்ளியவளை. அதற்குமேல் தகவலில்லை.
நாலாவது யதுசா,
இரண்டு வருடம் என் வாங்கில் இருந்தவள்.

சந்தியில் போட்டோக்கொப்பி அடிக்கிறேன்,
பக்கம் பதினைந்து ரூபாய்.
எடுபட்ட பிள்ளைகள் கோப்போடு வருவார்கள்:
பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு, கிராம அலுவலர் கடிதம்.
மூடி சரியாக மூடாத மெஷின்.
ஒவ்வொரு தாளுக்கும் வெளிச்சம்
ஒருதரம் என் முகத்தில் ஓடிப் போகும்.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி.
மேல்வயல் குடித்து மிஞ்சினால்தான்
வவுனிக்குளம் எங்களுக்கு வரும்.
அப்பா யாரையும் சபித்ததில்லை.
மண்வெட்டியோடு போய்
விடியுமட்டும் மடையடியில் இருப்பார்.
நான் எங்கே போய் இருப்பது?

டோனர் வாங்க மாதத்தில் ஒருதரம் கிளிநொச்சி.
முறிகண்டியில் பஸ் நிற்கும்.
எல்லோரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார்கள்.
நான் கச்சான் மட்டும் வாங்குவேன்.
பிள்ளையாரிடம் என்னவென்று கேட்பது?
அந்த நாலு பேரும் வராமல் போகட்டும் என்றா?
அவர்கள் அதற்கு வெற்றிடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
வெற்றிடம் என்றால்
ஒரு பிள்ளை வராமல் விட்டது.
பிறகு அறிவியல்நகர்.
விவசாய பீடத்தின் மதிலும் மரங்களும்
யன்னலில் முடியும்வரைக்கும்
கச்சான் கோதைக் கையிலேயே வைத்திருப்பேன்.

வியாழக்கிழமை யதுசா கடைக்கு வந்தாள்.
பாஸ்போட். எல்லாப் பக்கமும் வேணுமாம்,
வெறும் பக்கங்களும்.
“ஆருக்கும் சொல்லிப்போடாதை. அக்கா கனடாவுக்கு எடுக்கிறா.”
நான் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
தாள்களைத்தான் எண்ணினேன் என்று
சத்தியம் செய்யமாட்டேன்.

“விசா இன்னும் இல்லை,” என்றாள்.
“அதுக்குள்ள வெற்றிடத்தில எனக்குக் கிடைச்சால்
என்னடி செய்யிறது?”

மெஷின் சூடாகி நின்றுவிட்டது.
தட்டைத் திறந்து, சிக்கிய தாளைக்
கிழியாமல் இழுக்க நேரமெடுத்தது.

“போ,” என்றேன்.
எங்கேயென்று அவள் கேட்கவில்லை.

வெறும் பக்கங்களுக்கு
நான் காசு எடுக்கவில்லை.
அவள் எண்ணிப் பார்த்துவிட்டு
மிச்சக் காசை மேசையில் வைத்துப் போனாள்.
இன்னும் அங்கேதான் கிடக்கிறது,
ஸ்டேப்ளருக்குக் கீழே.