பதினொரு சிதோனியாக்கள்

ஓரத்தைப் பிடியுங்கள், அம்மா.
விரல் பட்டால் மஞ்சளித்துவிடும்.
நூற்றைம்பது வருடமாக
யாரும் தொடாத கன்னம் அது.

அரசியேதான். கிரீடம் மட்டும் தகரம்.
அவள் சாய்ந்திருக்கும் பளிங்குத் தூணுக்கு
அடியில் சக்கரம் இருக்கிறது, பாருங்கள்.
இதே தூணில் முழங்கை ஊன்றி
செகெட் நகரத்துக் கறிக்கடைக்காரர் மனைவியும் நின்றிருக்கிறாள்,
அதோ அந்தக் கூடையில்,
எதை எடுத்தாலும் இருநூறு ஃபோரிண்ட்.
இவள் எட்டாயிரம்.

பாவாடை விளிம்புக்குப் பின்னால்
இரும்புப் பாதம் ஒன்று தெரிகிறதா?
கறையல்ல.
பின்மண்டையைக் கவ்வி நிறுத்தும் கொறடு.
வாரம் மூன்று இரவு விஷம் குடித்து,
கைதட்டலுக்காக எழுந்து, மறுபடி விழுந்து செத்தவள்
இங்கே எட்டு விநாடி
இமைக்கக்கூட இல்லை.

சிதோனியா ஹல்மாய்.
கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
ஒரு வீட்டைக் காலி செய்தபோது
ரஸ்க் டப்பாவோடு வாங்கினேன்.
திறந்தால் அவள், அவளுக்கடியில் அவள்,
பதினொரு முறை அதே தூண், அதே கிரீடம்.
ஒவ்வொரு முதுகிலும் பென்சிலில்
வேறு வேறு தேதி, வேறு வேறு கடை.

எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் ஆனது.
கடைக்கண்ணாடியில் யார் படம் தீர்கிறதோ
அவளுக்குத்தான் அடுத்த பருவத்தில் நாயகி வேஷம்.
முக்காடிட்டுத் தானே போனாளோ,
வேலைக்காரியை அனுப்பினாளோ,
சம்பளத்தைக் கொடுத்துத்
தன்னைத் தானே வாங்கியிருக்கிறாள்.

டப்பாவின் அடியில் ஸ்டுடியோ ரசீது:
கடைகளுக்குப் பன்னிரண்டு பிரதிகள்.
ஒன்று குறைகிறது.

வேலைக்காரி காசைச் சுருட்டியிருப்பாள்
என்பது என் கணவர் கட்சி.
யாரோ ஒரு ஆள்,
குதிரை லாடம் அடிப்பவனோ, பள்ளி ஆசிரியையோ,
உண்மையாகவே ஆசைப்பட்டுக்
காசு கொடுத்து வாங்கிப்போனான், போனாள்
என்பது என் கட்சி.
இருபது வருடமாக
இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் பேசி முடிக்கவில்லை.

சிரிக்காதீர்கள்.
பகல் பன்னிரண்டாகியும் போணி ஆகாத ஞாயிறுகளில்
என் பணப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து
என் கல்லாவில் நானே போட்டிருக்கிறேன்,
பக்கத்து மேசை போரிஷ்காவின் காதில் விழும்படி
நன்றி என்றுகூடச் சொல்லி.

பேரம் வேண்டாம், ஏழாயிரம் கொடுங்கள்.
உள்சட்டைப் பக்கம் வையுங்கள்,
ஆற்றுப் பக்கமிருந்து மழை வருகிறது.