முப்பத்தெட்டு கிலோ

ஹான்ஸ்ட்ஹோல்ம் மீன் ஏலக்கூடம். விடிகாலை ஐந்தே கால்.
"ஒரு நாலு நிமிடம் நிறுத்துங்களேன்,
கோப்புகளை நகலெடுத்துக்கொள்கிறேன்."
பியர்கிட் மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:
"மீனைக் கேட்டுப் பார்."

சரி, ஓட ஓடவே எடுத்தேன்.
வாங்கியவர் பட்டியல் முதலில்.
அது இறங்கி முடிந்து
இருப்புப் பட்டியலுக்கு நான் போவதற்குள்
தோர்கில் படகின் காட் மீன் பெட்டி ஒன்று
கைமாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை நகலை விரித்துச் சரிபார்த்தேன்.
இருப்பில் இல்லை: விற்றாகிவிட்டது.
வாங்கியவரிடமும் இல்லை: இன்னும் விற்கவே இல்லை.
முப்பத்தெட்டு கிலோ,
பனிக்கட்டி நீங்கலாக.

இப்போதெல்லாம் அப்படி நடப்பதில்லை.
ஒரே இமைப்பில் எல்லாம் உறைந்து எனக்குக் கிடைக்கும்.
மேலே ஏலம் தன்பாட்டுக்குக் கூவும்.
மாறப்போகிற ஒவ்வொரு வரியும்
தன் பழைய முகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மாறும்.
தணிக்கைக்கு வரும் லௌரிட்சுக்குப் பரம திருப்தி.

அந்தப் பழைய நாடாவை மட்டும் அழிக்கவில்லை.
கீழ் இழுப்பறையில்,
தீர்ந்துபோன பேட்டரிகளோடு கிடக்கிறது.
அதற்குள் அந்தப் பெட்டி
இன்னும் யாருக்கும் சொந்தமில்லை,
வலை விழுவதற்கு முந்தின நாள் போல.