இரண்டாவது இருக்கை

நள்ளிரவு இரண்டு மணிக்குத்
தலையில்லாத உலாவி ஒன்று விழித்துக்கொள்கிறது.
திரை கிடையாது, வெளிச்சம் கிடையாது.
நான் எழுதிவைத்த பயணி
அதற்குள் பிறக்கிறாள்,
பெயர்ப் பெட்டியில் "சோதனை" என்று தட்டுகிறாள்,
தேதியைத் தொடுகிறாள்,
"சீட்டு வாங்கு" பட்டனை
ஒரே ஒரு முறை
சரியாக நடு மையத்தில் அழுத்துகிறாள்.
நாற்பது மில்லி நொடி.
பச்சை.
செத்துப்போகிறாள்.
அடுத்தவள் பிறக்கிறாள்.

இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
வால்டிவியாவில் மழை பெய்யும்போது
(எப்போதுதான் பெய்யவில்லை).
காலையில் வந்து குடையை மூலையில் சாய்ப்பேன்.
மீன்சந்தைக் கடற்சிங்கங்கள்
ஜன்னலுக்குக் கீழே ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கும்.
"பச்சையென்றால் கப்பல் போகும், யாஸ்னா"
என்பார் ஒஸ்வால்தோ.
போகும். போய்க்கொண்டுதான் இருந்தது.

ஜூனில் கெயோனிலிருந்து கடிதம் வந்தது.
மின்னஞ்சல் அல்ல,
கோடு போட்ட தாள், நீல மை,
எழுத்தெல்லாம் படகில் உட்கார்ந்து எழுதியதுபோல்.

"நூலகத்துக் கம்ப்யூட்டரில் வாங்கினேன்.
எனக்குக் கை நடுங்கும்.
சீட்டு இரண்டு வந்துவிட்டது,
பணமும் இரண்டு முறை போய்விட்டது.
அன்று கப்பலில் நல்ல கூட்டம்.
என் பக்கத்து இருக்கை மட்டும் காலி.
அதன் முதுகில் எலெயுதேரியோ பாரியா என்று
என் பெயரையே ஒட்டியிருந்தார்கள்.
கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை உட்காரச் சொன்னேன்.
'ஆள் வருவாரே' என்று மறுத்துவிட்டாள்.
சாய்ட்டென் போய்ச்சேர ஐந்து மணி நேரம்.
நான் வரவேயில்லை."

ஒன்றை ரத்துசெய்யப் போனாராம்,
அதற்கும் ஒரு கட்டணம் கேட்டதாம் எங்கள் பக்கம்.
குதிரை கீழே தள்ளியதுமன்றிக்
குழியும் பறித்திருக்கிறது.

என் பயணிகளை ஒவ்வொருத்தியாகத் திறந்து பார்த்தேன்.
ஒருத்திக்கும் கை இல்லை.
ஒருத்தியும் தும்மவில்லை,
அழுத்தினோமா இல்லையா என்று
ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை.
சர்வர்கூட நான் செய்துவைத்த பொம்மை,
கேட்பதற்கு முன்பே ஆமாம் என்கிறது.

புதிதாக ஒன்று எழுதினேன்.
பெயர்: கை நடுங்குபவர் ஒரு சீட்டு வாங்குகிறார்.
அழுத்து.
தொண்ணூறு மில்லி நொடி பொறு.
இரண்டு புள்ளி இடப்பக்கம் நழுவி
மறுபடி அழுத்து.
பொம்மை சர்வருக்கு
நூலக இணைப்பின் மந்தத்தைக் கொடுத்தேன்.
ஓட்டினேன்.

சிவப்பு.
எதிர்பார்த்தது 1. கிடைத்தது 2.
நீல மையில் அவர் எழுதியதும் அதேதான்.

ஒஸ்வால்தோ தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
"இப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?"
கேட்டுக்கொண்டே, பழக்கதோஷம்,
என் மவுஸை வாங்கி
பட்டனை டக் டக்கென்று சொடுக்கினார்.
திரையில் இரண்டு சீட்டு.
பேசாமல் காப்பி எடுக்கப் போய்விட்டார்.

திருத்தம் மூன்றே வரி.
முதல் அழுத்தலில் பட்டன் சாம்பலாகி
வாயை மூடிக்கொள்ளும்.
அவருடைய பணம் திரும்பிப் போக மட்டும்
பதினொரு நாள் ஆனது,
அது வேறு தளம், வேறு துறை.

இப்போது இரவு இரண்டு மணிக்கு
எல்லாருக்கும் கடைசியில்
முந்நூற்றுப் பதின்மூன்றாமவர் வருகிறார்.
மற்றவர்கள் நூறு முறை செத்துப் பிறக்கும் நேரம்
அவர் ஒருவருக்கே ஆகிறது.

போன செவ்வாய் காரணமில்லாமல் சிவந்தார்.
புதனன்று தானாகவே பச்சையானார்.
"தள்ளாடும் டெஸ்ட், நீக்கிவிடலாம்"
என்று யாரோ குறிப்பு வைத்திருந்தார்கள்.
நீக்கவில்லை.
காரணமும் இன்னும் பிடிபடவில்லை.
சந்தை கலைந்த பிறகும் உட்கார்ந்து
தொண்ணூறை நூற்றிருபதாக்கிப் பார்க்கிறேன்,
நழுவலை மூன்று புள்ளியாக்கிப் பார்க்கிறேன்,
மவுஸின் மேல்
என் கையை ஆட்டி ஆட்டி.