தூரிகையை நிறுத்தும் பொத்தான்

செவ்வாய்க்கிழமை வந்தவர் வெண்டல்.
பூட்ஸிலிருந்து உப்பும் மணலும் உதிர்ந்தன.
மார்ச் மாதம், டுலூத்.
ஏரியில் பனிக்கட்டி இன்னும் முனகிக்கொண்டிருந்தது.
கம்பளத்துக்கு ஒன்று வேண்டும், என்றார்.
எத்தனை கம்பளம்?
மூன்று. ஒன்று குஞ்சம் வைத்தது.
அடியில் என்ன தரை?
கொஞ்சம் யோசித்தார்.
"வாடகை வீடு. ஏதோ பிளாஸ்டிக்."

முப்பத்தோரு வருடமாக இதே கடை.
வேக்குவம் கிளீனர் விற்கிறேன்,
பழுதும் பார்க்கிறேன்.
கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வது ஒன்றுதான்:
கம்பளம் கடியைக் கேட்கும்,
மரத்தரை வருடலைக் கேட்கும்.
அடிமடியில் குந்திக்கொண்ட மணலை
அடித்துத்தான் எழுப்ப வேண்டும்,
அதற்குச் சுழலும் தூரிகை வேண்டும்.
அதே தூரிகை ஓக் பலகையில் இறங்கினால்
மணலை நாலாபக்கமும் வாரி இறைக்கும்.
கெட்டிச் சக்கரமாக இருந்தால் கோடு கிழிக்கும்.
அந்தக் கோடு உங்களுக்குப் பின்னும் இருக்கும்.
குஞ்சத்தைக் கண்டால் விடவே விடாது,
பசித்த ஆடு மாதிரி.

இரண்டும் இருக்கிற வீடென்றால்
தூரிகையை நிறுத்தும் பொத்தான் உள்ளதாகப் பாருங்கள்.
ரப்பர் சக்கரம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்.
இழுப்பைத் தணிக்கவும் ஒரு வழி இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் சின்ன விரிப்பு
நாக்கு மடிவது போல உள்ளே மடிந்து போகும்.
விலை கொஞ்சம் கூடத்தான்.
வெண்டலுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை.
முரட்டுப் பிறவி ஒன்றை எடுத்தார்,
தூரிகை நிற்காது,
மலிவு.

வியாழக்கிழமை வந்தவர் மார்லிஸ்.
மரத்தரைக்கு. மரத்தரைக்கு மட்டும், என்றார்.
கம்பளமே இல்லையா?
"இருந்தது.
இப்போது சுவருக்குச் சுவர் வெறும் ஓக்.
விரிப்பு கிடந்த இடம் மட்டும்
வேறு நிறமாக, நீள்சதுரமாக, தெரிகிறது.
அதைப் போக்க இங்கே ஏதாவது உண்டா?"
அதற்கு இயந்திரம் இல்லை, என்றேன்.
வெயில்தான்.
ஒரு வருடம் ஆகலாம், இரண்டு ஆகலாம்.
இந்த ஊர் வெயிலுக்கு மூன்று.

குதிரைமுடி ஓரம் வைத்த
மெத்தென்ற தலையுள்ள ஒன்றைக் காட்டினேன்.
மின்சாரம் தராமலேயே அதைத்
தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார்,
சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டபடி.
இது போதும், என்றார்.
பிறகு காரிலிருந்து பழையதைத் தூக்கிவந்தார்,
விலையில் கழித்துக்கொள்ள.

அடியில் என் கடைச் சீட்டு.
டாஃப்டி, ஒன்பது வருடத்துக்கு முன்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இரண்டு பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள்.
பொத்தான் உள்ளதா, இல்லாததா என்று
முக்கால் மணி நேரம்
இதோ இந்த மேஜைக்கு முன்னால் வாக்குவாதம்.
அறுபது டாலர் வித்தியாசம்.
உன் அம்மா வீட்டுத் தரையா இது, என்று
யாரோ ஒருவர் சொன்னது ஞாபகம்.
யார் என்று ஞாபகமில்லை.

அவர் போனதும் கவிழ்த்துப் போட்டேன்.
பெல்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான்,
எட்டு டாலர் வேலை.
உருளையைச் சுற்றிக் கயிறு திரித்தாற்போல்
நீளமான நரைமுடி,
நாயின் மஞ்சள் முடி,
குஞ்சத்தின் சிவப்பு நூல்,
தூண்டில் நரம்பு ஒரு முழம்.
கத்தரிக்கோல் நுழையவில்லை.
கத்தியால் நெடுக ஒரு கீறு.
கெட்டியாக, ஒரே துண்டாகக்
கழன்று வந்தது, பட்டை உரிந்த மாதிரி.
குப்பைக் கூடையில் விழுந்தபோது
சத்தம் கேட்டது.

பெல்ட்டை மாட்டிவிட்டுப்
பொத்தானை அழுத்திப் பார்த்தேன்.
சட்டென்று நின்றது தூரிகை.
ஒன்பது வருடத்தில்
கைப்பிடியின் பூச்சு தேய்ந்திருக்கிறது,
வயரின் தோல் வெடித்திருக்கிறது.
பொத்தானின் மேல் வெள்ளை எழுத்து மட்டும்
கடையில் வைத்த நாள் போலவே இருக்கிறது.

ஜன்னலோரம் நிற்கிறது பாருங்கள்,
நாற்பது டாலர், புது பெல்ட்.
கம்பளம், மரத்தரை இரண்டுக்கும் ஆகும்.
எடுப்பதானால் சொல்லுங்கள்.
பொத்தான் எங்கே இருக்கிறதென்று
முதலில் காட்டிவிட்டுத்தான்
பில் போடுவேன்.